ஆபரேஷனுக்குப் பிறகு வரும் மறதி: பழி மயக்க மருந்துக்கா?

"ஆபரேஷன் நல்லபடியாத்தான் முடிஞ்சுது. ஆனா மயக்க மருந்து கொடுத்ததுல இருந்து அப்பா பழைய அப்பாவா இல்லை." எழுபது வயதைத் தாண்டியவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்த வீடுகளில் இப்படி ஒரு பேச்சு எழுவது வழக்கம்.

இன்னொரு பக்கம், அமெரிக்கப் பல்கலைக்கழக மருத்துவமனைகளின் மயக்கவியல் துறைகள் 'ஆய்வு விஞ்ஞானி' என்ற முழுநேரப் பணிக்கு ஆள் எடுக்கின்றன. இந்தப் பணியில் இருப்பவர் மயக்க மருந்து கொடுப்பவராக இருக்க வேண்டியதில்லை. அறுவைச் சிகிச்சைக்கு முன் ஒரு முதியவரின் நினைவும் கவனமும் எப்படி இருந்தன, பின் எப்படி இருக்கின்றன என்று அளப்பதுதான் அவர் வேலை. பாஸ்டனில் ஈதர் கொடுத்து வலியில்லாமல் அறுவைச் சிகிச்சை செய்துகாட்டியது 1846-இல். இத்தனை காலம் கழித்துமா இதை ஆராய வேண்டியிருக்கிறது? வேண்டியிருக்கிறது. மயக்க மருந்தை யாரும் தனியாக வாங்கிக்கொள்வதில்லை. அதற்கு முன்பே ஒரு நோய் இருக்கிறது. கூடவே கத்தி வருகிறது. பின்னாலேயே சில நாள் மருத்துவமனை வாசம் வருகிறது. இவற்றில் மூளையைத் தொட்டது எது என்று பிரிப்பதில்தான் எல்லாச் சிக்கலும்.

முதலில் சில சொற்கள்

செய்திகளில் மூன்று நான்கு வெவ்வேறு பிரச்சினைகள் ஒரே பெயரில் வந்துவிடுகின்றன. அவற்றைப் பிரிக்காமல் மேலே போக முடியாது.

1. முழு மயக்கம், ஸ்பைனல். முழு மயக்கத்தில் நரம்பு வழியாகவோ மூச்சு வழியாகவோ மருந்து செலுத்தி நினைவையே இல்லாமல் செய்கிறார்கள். ஸ்பைனல் என்பது முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வது. நினைவு தப்ப வேண்டியதில்லை. ஆனால் ஸ்பைனலோடு சேர்த்துத் தூக்க மருந்தும் கொடுப்பது சகஜம். இந்தச் சின்ன விவரம் பின்னால் பெரிதாகும்.

2. டெலிரியம். நம் ஊரில் காய்ச்சல் முற்றிப் பிதற்றுவதை 'ஜன்னி' என்பார்களே, அதற்கு நெருங்கிய நிலை. அறுவைச் சிகிச்சை முடிந்த சில மணி நேரத்திலோ, இரண்டு மூன்று நாளிலோ தலைகாட்டும். காலையில் தெளிவு, மாலையில் குழப்பம் என்று ஏறி இறங்கும். இதன் அடையாளம் மறதி அல்ல, கவனம் சிதறுவது. 1990-இல் ஷாரன் இனோய் குழு வகுத்த சோதனை முறைதான் இன்றும் பெரிதும் பயன்படுகிறது. அதன்படி இரண்டு அறிகுறிகள் கட்டாயம்: திடீரென வந்து ஏறி இறங்கும் குழப்பம், கவனச் சிதறல். இவற்றோடு தொடர்பற்ற பேச்சு, விழிப்பு நிலையில் மாற்றம் ஆகிய இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். சத்தம் போட்டு, ஏற்றியிருக்கும் குழாயைப் பிடுங்கும் நோயாளியை எல்லோரும் கவனித்துவிடுவார்கள். முதியவர்களிடம் அதிகம் தப்பிவிடுவது சத்தமில்லாத வகை: கூப்பிட்டால் அரைக்கண் திறப்பார், சாப்பாடு வேண்டாம் என்பார், சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். 'அசதியா இருக்கார், தூங்கட்டும்' என்று விட்டுவிடுவோம்.

3. தாமதமாகும் மீட்சி. டெலிரியம் இல்லாமலும் நினைவாற்றலும் யோசிக்கும் வேகமும் மந்தமாகலாம். கணக்கு தடுமாறும், நாளிதழில் ஒரு பத்தி படித்தால் மனதில் நிற்காது. முப்பது நாள் வரை இதைத் தாமதமான மீட்சி என்றும், அதற்கு மேல் ஓராண்டு வரை நீடித்தால் அறுவைக்குப் பிந்தைய அறிதிறன் குறைபாடு என்றும் 2018-இல் ஒரு சர்வதேச நிபுணர் குழு பெயர் பிரித்தது. அதற்கு முன் ஆளாளுக்கு ஓர் எல்லைக்கோடு வைத்திருந்தார்கள்.

4. டிமென்ஷியா. ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும் மறதிநோய். அல்சைமர் இதில் முதன்மையான வகை. ஒரு வார இறுதியில் தொடங்குவது டிமென்ஷியா அல்ல. ஆனால் யாருக்கும் தெரியாமல் ஏற்கெனவே இருந்த டிமென்ஷியா, ஒரு வார இறுதியில் வெளியே தெரியவரலாம்.

முதிய மூளைக்கு மருந்து ஏன் வேறு மாதிரி வேலை செய்கிறது

புரோபோஃபால், செவோஃப்ளூரேன் போன்ற மருந்துகள் முக்கியமாக நரம்புச் செல்களில் 'காபா' என்னும் அடக்கும் சமிக்ஞையின் கையை ஓங்கச் செய்கின்றன. மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று பேசுவது நிற்கிறது. தூங்கவைக்கிறோம் என்று நோயாளியிடம் சொல்வது ஆறுதலுக்காக. மூளை அலைகளைப் பார்த்தால் அது தூக்கத்தைவிடக் கோமாவுக்கு நெருக்கமானது; மருந்தை நிறுத்தினால் திரும்பி வரக்கூடிய கோமா.

மூச்சு வழி மயக்க மருந்தின் தேவை நாற்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்குச் சுமார் 6 சதவீதம் குறைகிறது. நாற்பது வயதுக்காரருக்குப் போதுமான அளவு, எண்பது வயதுக்காரருக்குக் கால் பங்கு அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம். முதியவருக்கு அதே அளவைக் கொடுத்தால் மூளை அலைப் பதிவில் கோடு சில நொடிகள் தட்டையாகிப் பிறகு திடீரென வெடித்து எழும், மறுபடி தட்டையாகும். மூளையின் மின்செயல் விட்டு விட்டு அடங்குகிறது என்று இதற்குப் பொருள். இந்த 'அலை அடங்கல்' அதிகம் இருந்தவர்களுக்கு டெலிரியமும் அதிகம் வந்தது என்பது பல ஆய்வுகளில் தெரிந்த தொடர்பு. தொடர்பு காரணமாகிவிடுமா என்பதைப் பிறகு பார்ப்போம்.

பழைய சந்தேகம்

இந்தச் சந்தேகம் குடும்பங்களின் கற்பனை மட்டும் அல்ல. 1887-லேயே ஜார்ஜ் சாவேஜ் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர், மயக்க மருந்துக்குப் பின் மனம் பேதலித்தவர்களைப் பற்றி எழுதினார். 1955-இல் பெட்ஃபோர்ட் என்ற மருத்துவர் 'லான்செட்' இதழில் வெளியிட்ட கட்டுரைதான் இத்துறையின் மூத்த ஆவணம். முழு மயக்கத்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1,193 முதியவர்களின் கதையை அவர் பின்னோக்கிப் பார்த்தார். அவரைத் தூண்டியது, ஆபரேஷனுக்குப் பிறகு ஆள் பழைய மாதிரி இல்லை என்று உறவினர்கள் சொன்ன அதே பேச்சுதான். தவிர்க்க முடியாத தேவை இருந்தால் மட்டுமே முதியவர்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்று அவர் முடித்தார்.

பெட்ஃபோர்டின் குறை, ஒப்பிட ஆள் இல்லாதது. அதே வயதில், அறுவைச் சிகிச்சையே செய்துகொள்ளாத ஆயிரம் பேரைப் பின்தொடர்ந்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் 'பழைய மாதிரி' இருந்திருப்பார்கள்?

அந்தக் கேள்விக்கு முறையாகப் பதில் தேடியது 1998-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு. அறுபது வயதைத் தாண்டிய 1,218 பேர், இதய அறுவை அல்லாத பெரிய அறுவைச் சிகிச்சைகள். ஒரு வாரத்தில் 25.8 சதவீதம் பேருக்கு அறிதிறன் சரிவு. மூன்று மாதத்தில் 9.9 சதவீதம். அறுவை செய்துகொள்ளாத ஒப்பீட்டுக் குழுவில் இது 3.4, 2.8 சதவீதம். ஆக, சரிவு உண்மை. ரத்த அழுத்தம் இறங்கியதும், ஆக்சிஜன் குறைந்ததும் காரணமாக இருக்கும் என்று ஆய்வாளர்கள் எதிர்பார்த்தார்கள். இரண்டுக்கும் தொடர்பே தெரியவில்லை. அது அன்றைக்குப் பெரிய ஏமாற்றம்.

பரவலாகப் பேசப்பட்டவை இந்த எண்களே. அதே ஆய்வின் தொடர்ச்சி 2000-இல் வந்ததை யாரும் அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை. ஒன்று முதல் இரண்டு ஆண்டு கழித்து 336 பேரை மீண்டும் சோதித்தபோது, சரிவு இருந்தவர்கள் 10.4 சதவீதம். ஒப்பீட்டுக் குழுவில் 10.6 சதவீதம். வேறுபாடு கரைந்துபோயிருந்தது. மூன்று சோதனையிலும் தொடர்ந்து சரிவு காட்டியவர்கள் மூன்றே பேர்.

இதய அறுவைச் சிகிச்சையிலும் இதே கதை. 2001-இல் டியூக் பல்கலைக்கழகக் குழு, பைபாஸ் செய்துகொண்ட 261 பேரில் 42 சதவீதத்தினருக்கு ஐந்தாண்டு கழித்து அறிதிறன் சரிந்திருந்தது என்றது. உலகமே பதறியது, இதயத்துக்குப் பதிலாக ரத்தத்தை ஓட்டும் இயந்திரம்தான் குற்றவாளி என்றார்கள். பிறகு நெதர்லாந்தில், இயந்திரத்தோடும் இயந்திரம் இல்லாமலும் பைபாஸ் செய்தவர்களை ஐந்தாண்டு கழித்து ஒப்பிட்டார்கள். இரு பக்கமும் சரிசமமாக, பாதிப் பேருக்குச் சரிவு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு இன்னும் ஒரு படி மேலே போய், இதயநோய் இருந்தும் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளாதவர்களை ஒப்பிட்டது. நீண்டகாலச் சரிவு அவர்களிடமும் அதே அளவில் இருந்தது. ரத்தக்குழாய் அடைப்பு இதயத்தோடு நின்றுவிடுவதில்லையே. மூளைக்குப் போகும் குழாய்களும் அதே உடம்பில்தான் இருக்கின்றன.

பிரித்துப் பார்த்த மூன்று வழிகள்

மயக்க மருந்தை மற்றவற்றிலிருந்து பிரிக்க ஆய்வாளர்கள் மூன்று பாதைகளில் போனார்கள்.

1. அறுவை ஒன்றே, மயக்கம் வேறு. முழு மயக்கம்தான் குற்றவாளி என்றால் ஸ்பைனலில் அறுவை செய்தவர்கள் தப்ப வேண்டும். இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களிடம் இதைச் சோதித்தார்கள். அமெரிக்கா, கனடாவில் 1,600 பேரைச் சீட்டுக் குலுக்கிய மாதிரி இரு குழுவாகப் பிரித்து நடத்திய ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது. டெலிரியம் ஸ்பைனலில் 20.5 சதவீதம், முழு மயக்கத்தில் 19.7 சதவீதம். சீனாவில் 950 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்வில் 6.2, 5.1. இரண்டிலும் ஸ்பைனல் காப்பாற்றவில்லை. 'ஸ்பைனலோடு தூக்க மருந்தும் கொடுத்தார்கள், அதனால்தான் வேறுபாடு தெரியவில்லை' என்று ஆட்சேபம் எழும். அமெரிக்க-கனடா ஆய்வுக்கு அது ஓரளவு பொருந்தும். சீன ஆய்வில் ஸ்பைனல் குழுவுக்குத் தூக்க மருந்தே கொடுக்கவில்லை; அப்படியும் முடிவு மாறவில்லை. (20-க்கும் 6-க்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி ஏன் என்பதும் நல்ல கேள்விதான். யாரைச் சேர்த்தார்கள், எப்படித் தேடினார்கள் என்பதைப் பொறுத்து டெலிரியம் எண்கள் இப்படித்தான் தாவும். ஒரே ஆய்வுக்குள் இரு குழுக்களை ஒப்பிடலாம். இரண்டு ஆய்வுகளின் எண்களை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது.)

2. மயக்கம் உண்டு, அறுவை இல்லை. மூன்றில் துணிச்சலான வழி இது. நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனைக் குழு, 40 முதல் 80 வயது வரையுள்ள ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு இரண்டு மணி நேரம் செவோஃப்ளூரேன் கொடுத்தது. கத்தி தொடவே இல்லை. மயக்கம் தெளிந்த பின் அறிதிறனைச் சோதித்தார்கள். விரைவில் பழைய நிலைக்கு வந்துவிட்டார்கள். வயது கூடியதாலேயே மீட்சி பின்தங்கவும் இல்லை. 59 பேரின் ரத்தத்தில் நரம்புச் சேதத்தின் அடையாளப் புரதங்களைத் தேடியபோது அவை கூடியிருக்கவில்லை. அறுவைச் சிகிச்சையும் மயக்கமும் சேர்ந்து நடந்த 30 பேரிடம் ஆஸ்திரேலியக் குழு ஒன்று தேடியபோது அதே வகைப் புரதங்கள் தெளிவாகக் கூடியிருந்தன. இரண்டையும் அருகருகே வைத்தால் விரல் மருந்தைவிடக் கத்தியின் பக்கமே அதிகம் நீள்கிறது.

ஒரு 'ஆனால்' உண்டு. தன்னார்வலர்கள் ஆரோக்கியமானவர்கள். அறுவை மேசைக்கு வரும் எண்பது வயதுக்காரர் அப்படி இல்லை. ஏற்கெனவே தேய்ந்த மூளை அதே மருந்தைத் தாங்குமா என்பதற்கு இந்த ஆய்வில் பதில் கிடையாது. அறுவைத் தேவையே இல்லாத, உடல் நலிந்த ஒரு முதியவரைச் சோதனைக்காக மயக்கத்தில் ஆழ்த்த எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. ஆகவே அந்தப் பதில் நேர்வழியில் கிடைக்கப்போவதும் இல்லை.

3. அறுவை செய்துகொண்டவர், செய்துகொள்ளாதவர். டென்மார்க்கில் 8,503 இரட்டையர்களின் தரவுகளைப் பார்த்தார்கள். பெரிய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் அறிதிறன் மிக மிகச் சிறிய அளவிலேயே குறைந்திருந்தது. பிரிட்டனில் அரசு ஊழியர்களைப் பல்லாண்டு பின்தொடரும் ஒயிட்ஹால் ஆய்விலிருந்து 7,532 பேரைப் பற்றி 2019-இல் வந்த கணக்கு இன்னும் தெளிவு. ஒரு பெரிய அறுவைச் சிகிச்சையால் மூளைக்குக் கூடும் வயது சராசரியாக ஐந்து மாதத்துக்கும் குறைவு. அறுவை எதுவும் இல்லாமல் வேறு நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு 1.4 ஆண்டு. பக்கவாதம் வந்தவர்களுக்கு 13 ஆண்டு.

இந்தக் கடைசி ஒப்பீட்டை மூட்டு மாற்று அறுவைக்குப் பயந்து வருடக்கணக்கில் வலியோடு நடக்கிற எல்லோருக்கும் யாராவது படித்துக்காட்டினால் நல்லது. ஆனால் சராசரி என்பது பலரின் இழப்பையும் லாபத்தையும் கலந்து ஊற்றிய குழம்பு. அதே ஆய்வில், குறிப்பிடத்தக்க பெரிய சரிவைக் கண்டவர்கள் மருத்துவமனைக்கே போகாதவர்களில் 2.5 சதவீதம், அறுவைக்காகச் சேர்ந்தவர்களில் 5.5 சதவீதம், பிற நோய்க்காகச் சேர்ந்தவர்களில் 12.7 சதவீதம். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமில்லை, சிலருக்கு நிறைய. 'அப்பா பழைய மாதிரி இல்லை' என்று சொல்லும் குடும்பம் அந்தச் சிலரில் ஒன்றாக இருக்கலாம். சராசரி எண் அவர்களைப் பொய்யராக்காது.

அப்படியானால் சந்தேகம் எதன் மேல்? இன்று முன்னணியில் நிற்பது அழற்சி. பெரிய காயம் பட்டதும் உடம்பு எச்சரிக்கை ரசாயனங்களை ரத்தத்தில் அவிழ்த்துவிடுகிறது. எலிகளின் கால் எலும்பை மயக்கத்தில் முறித்துச் சரிசெய்த சோதனைகளில், ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு இளகி, மூளையின் நினைவுப் பகுதியில் அழற்சி தெரிந்தது. சோதனைக் குழாயில் ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க மருந்து அல்சைமர் புரதத்தைத் திரளச் செய்தது என்ற கண்டுபிடிப்பும் 2004-லிருந்து இருக்கிறது. அதுவே பத்திரிகைத் தலைப்புகளில் அதிகம் ஓடியது. சோதனைக் குழாயிலிருந்து மனிதத் தலைக்குள் வரும் தூரம் அந்தத் தலைப்புகளில் இருக்காது.

அளப்பதே பாதிச் சிக்கல்

மேலே சொன்ன ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒருவர் உட்கார்ந்து ஒரு முதியவரிடம் சொற்பட்டியலைப் படித்து 'திருப்பிச் சொல்லுங்கள்' என்று கேட்டிருக்கிறார். ஆய்வு விஞ்ஞானியின் தொழில் இங்கேதான் தொடங்குகிறது. எத்தனை வகையில் ஏமாற முடியும் என்பதற்கு மூன்றைப் பார்ப்போம்.

பழக்கம். அதே சோதனையை இரண்டாம் முறை எழுதினால் யாருக்கும் மதிப்பெண் கூடும். ஆகவே அறுவைக்குப் பின் ஒருவருடைய மதிப்பெண் மாறவில்லை என்றால் அவர் நன்றாக இருக்கிறார் என்று பொருளல்ல. கூட வேண்டியது கூடவில்லை என்றும் இருக்கலாம். அறுவை செய்துகொள்ளாதவர்களுக்கு எவ்வளவு கூடியது என்று தெரியாமல் இதைக் கழிக்க முடியாது.

வராதவர்கள். மூன்று மாதம் கழித்துச் சோதனைக்கு வராதவர்கள் யார்? மோசமாக இருப்பவர்கள்தான். வந்தவர்களை மட்டும் கணக்கிட்டால் முடிவு அழகாக இருக்கும், பொய்யாகவும் இருக்கும். வீடு தேடிப் போவது, தொலைபேசியில் சோதிப்பது, விட்டுப்போன எண்களுக்குப் புள்ளியியல் முறையில் ஈடுகட்டுவது என்று உழைப்பின் பெரும்பகுதி இதிலேயே கரையும்.

முன்நிலை. அறுவைக்கு முன்பே மூளை எப்படி இருந்தது? பாஸ்டனில் மூட்டு மாற்று அறுவைக்கு வந்த, 65 வயதைத் தாண்டிய 211 பேரிடம் மூன்று சொல் நினைவு, கடிகாரம் வரைதல் என்ற சில நிமிடச் சோதனை செய்தார்கள். யாருக்கும் டிமென்ஷியா என்று பதிவு இல்லை. ஆனாலும் நாலில் ஒருவர் குறைந்த மதிப்பெண் வாங்கினார். பிறகு டெலிரியம் வந்தது குறைந்த மதிப்பெண்காரர்களில் 21 சதவீதத்துக்கு, மற்றவர்களில் 7 சதவீதத்துக்கு. 'ஆபரேஷனுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்தார்' என்பது பல நேரம், அதுவரை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்பதுதான்.

இந்தியாவுக்கு வந்தால் இந்த மூன்றாவது சிக்கல் இரட்டிப்பாகிறது. இங்கே அறுபது வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக நாடு தழுவிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. இவர்களில் பலர் நோய் கண்டறியப்படாமலேயே அறுவை மேசைக்கு வருவார்கள். அதோடு, கடிகாரம் வரையச் சொல்லும் சோதனை பேனா பிடித்தறியாத பாட்டியிடம் எதை அளக்கும்? அவருக்குப் பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை என்பதை அளக்கும். எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்து முதியவர்களுக்காக ஹரியானாவின் பல்லப்கரில் 1990-களில் இந்தியில் தனிச் சோதனை ஒன்றை உருவாக்கியது இதனால்தான். இப்போது காலையா, மதியமா, மாலையா என்று கேட்கும் வகை. மேலைநாட்டுத் தாளைத் தமிழில் அப்படியே பெயர்த்துவிட்டு ஆய்வு நடத்தினால் வரும் எண், நோயின் எண்ணாக இருக்காது.

மயக்கத்தின் ஆழம்: தீராத வழக்கு

மூளை அலை அடங்கல் டெலிரியத்தோடு தொடர்புள்ளது என்று மேலே சொன்னோம். அப்படியென்றால் நெற்றியில் மின்முனை ஒட்டி, அலையைப் பார்த்துப் பார்த்து மருந்தைக் குறைத்தால் டெலிரியம் குறைய வேண்டுமே? 2013-இல் ஹாங்காங்கில் 921 பேரிடம் செய்த ஆய்வு ஆம் என்றது: 24.1 சதவீதம் 15.6 ஆகக் குறைந்தது. பல மருத்துவமனைகள் கருவியை வாங்கின.

2019-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 1,232 பேரிடம் செய்த ஆய்வு இல்லை என்றது: கருவி பார்த்துக் கொடுத்தவர்களில் 26 சதவீதம், வழக்கப்படி கொடுத்தவர்களில் 23. கனடாவில் இதய அறுவைச் சிகிச்சைக்கு வந்த 1,140 பேரிடம் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில் 18.15, 18.10. தசமப் புள்ளிக்குப் பிறகு தேடினால்தான் வேறுபாடு.

முரண்பாட்டுக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. ஒன்று: நலிந்த மூளை குறைந்த மருந்திலேயே அடங்கிவிடுகிறது, அலை அடங்கல் நோயின் அடையாளமே தவிர நோயை உண்டாக்கியது அல்ல. காய்ச்சல்மானியை உடைத்தால் காய்ச்சல் இறங்காது. இரண்டு: செயின்ட் லூயிஸில் கருவி இல்லாத குழுவுக்கே மருந்து அளவாகத்தான் கொடுக்கப்பட்டது, அடங்கல் நேரம் 13 நிமிடத்திலிருந்து 7 நிமிடமாக மட்டுமே குறைந்தது. அந்த ஆறு நிமிடம் எதையும் மாற்றப் போதாமல் இருந்திருக்கலாம். எனக்கு முதல் விளக்கமே வலுவாகத் தெரிகிறது. கனடா முடிவுக்குப் பிறகு, கருவி இருக்கிறது என்பதையே மூளைக்குக் காப்பு என்று விளம்பரப்படுத்துவது நியாயமில்லை. மருந்தைத் தேவைக்கு மேல் கொட்டாமல் இருக்க அது உதவும்; அதற்கு மேல் வாக்குறுதி தர முடியாது.

கவனிக்க வேண்டிய இடம் டெலிரியம்

மருந்தா, கத்தியா என்ற வழக்கு நீண்டுகொண்டிருக்கும்போதே ஒன்று உறுதியாகியிருக்கிறது. பாஸ்டனில் எழுபது வயதைத் தாண்டிய, டிமென்ஷியா இல்லாத 560 பேரை அறுவைக்குப் பின் ஆறு ஆண்டு வரை சோதித்தார்கள். இவர்களில் 24 சதவீதத்தினருக்கு டெலிரியம் வந்தது. டெலிரியம் வந்தவர்களின் அறிதிறன், வராதவர்களைவிட 40 சதவீதம் வேகமாகச் சரிந்தது. டெலிரியம் சரிவை உண்டாக்குகிறதா, ஏற்கெனவே சரியத் தொடங்கிய மூளைக்குத்தான் டெலிரியம் வருகிறதா என்பது இன்னும் பிரிக்கப்படவில்லை. இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

தடுப்பது எப்படி என்பதில் மருந்துகள் நம்பும்படி கைகொடுக்கவில்லை. டெக்ஸ்மெடடோமிடின் என்ற அமைதிப்படுத்தும் மருந்து பெய்ஜிங்கில் ஐ.சி.யூ.வில் இருந்த 700 பேரிடம் டெலிரியத்தை 23-இலிருந்து 9 சதவீதமாகக் குறைத்தது. அமெரிக்காவில் இதய அறுவைச் சிகிச்சையில் சோதித்தபோது பலன் இல்லை. பலன் தந்தது பேசுவதற்குக் கவர்ச்சியற்ற ஒன்று: மருந்தில்லாத எளிய பராமரிப்பு. அமெரிக்காவின் நியூ ஹேவனில் எழுபது வயதைத் தாண்டிய 852 உள்நோயாளிகளிடம் 1999-இல் இதை நிரூபித்தார்கள். அவர்கள் அறுவை நோயாளிகள் அல்ல, பொது மருத்துவப் பிரிவினர் என்பதை நினைவில் வைக்க வேண்டும். கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் திருப்பிக் கொடுப்பது, தண்ணீர் குடிக்க வைப்பது, எழுப்பி நடக்க வைப்பது, இரவில் தொந்தரவின்றித் தூங்க விடுவது, இன்று என்ன நாள், எங்கே இருக்கிறோம் என்று பேச்சுக்கொடுப்பது. டெலிரியம் 15 சதவீதத்திலிருந்து 9.9 ஆகக் குறைந்தது. காப்புரிமை வாங்க முடியாத சிகிச்சை என்பதால் இதற்கு விற்பனைப் பிரதிநிதி கிடையாது.

அந்த ஆய்வு விஞ்ஞானி என்ன செய்கிறார்

நரம்பியலிலோ உளவியலிலோ புள்ளியியலிலோ முனைவர் பட்டம் பெற்றவர்களே பெரும்பாலும் இந்த வேலைக்கு வருகிறார்கள். சோதனைத் தாளைத் தேர்ந்தெடுப்பது, களப்பணியாளர்கள் எல்லோரும் ஒரே மாதிரி மதிப்பெண் போடுகிறார்களா என்று பார்ப்பது, யாருக்கு எந்த மயக்கம் கொடுத்தார்கள் என்பது சோதிப்பவருக்குத் தெரியாமல் காப்பது, மூளை அலைப் பதிவுகளைக் கணினியில் பிரிப்பது, ரத்த மாதிரிகளில் புரதங்களை அளப்பது, பிறகு இவற்றையெல்லாம் சேர்த்து எழுதி அடுத்த நிதிக்கு விண்ணப்பிப்பது. அமெரிக்காவில் இந்த நிதியின் முக்கிய ஊற்று தேசிய முதுமை ஆய்வு நிறுவனம்.

அறுவைக்கு முன் வீட்டார் செய்யக்கூடியவை

1. வீட்டில் கவனித்த மறதியை மறைக்காமல் மயக்கவியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். 'வயசானா வர்றதுதானே' என்று விழுங்கிவிடும் அந்தத் தகவல்தான் அவருக்கு மிகவும் தேவை. முன்பு எப்போதாவது மருத்துவமனையில் பிதற்றியிருந்தால் அதையும்.

2. இரவில் போடும் தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, மதுப் பழக்கம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். டயசிபாம், லோரசிபாம் வகை மாத்திரைகளை முதியவர்களுக்குத் தவிர்க்கச் சொல்லும் பட்டியல்கள் உண்டு. ஆனால் நீண்டநாள் போட்டவர் திடீரென நிறுத்தினால் அதுவே டெலிரியத்தைக் கொண்டுவரும். நிறுத்துவதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

3. ஸ்பைனலா, முழு மயக்கமா என்பதை மறதிப் பயத்தை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். நுரையீரல், முதுகெலும்பு, ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து என்று அதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன.

4. மூக்குக்கண்ணாடி, பல்செட், காது கேட்கும் கருவி மூன்றையும் 'தொலைந்துவிடும்' என்று வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். மயக்கம் தெளிந்ததும் முதலில் மாட்டிவிட வேண்டியவை அவை.

5. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் அவர் வழக்கத்தைவிட அமைதியாகப் படுத்திருந்தால் கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லிப் பாருங்கள்: ஞாயிறு, சனி, வெள்ளி. நடுவில் நூல் அறுந்து வேறெதையோ பேசினால் செவிலியரைக் கூப்பிட்டு 'டெலிரியமா பாருங்க' என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள். சிறுநீர்த் தொற்று, அடைபட்ட மலம், அடங்காத வலி, உப்புச்சத்துக் குறைவு, புதிதாகச் சேர்த்த ஒரு மாத்திரை: தேடினால் பல நேரம் இவற்றில் ஒன்று அகப்படும்.